கருவாடு தொடாத தாபோடி

பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியப் படிப்புக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எனக்கு வேலை. சாய் போடுவது, கோப்பை கழுவுவது, ஃபைலை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குக் கொண்டுபோவது. ரிட்டையர் ஆன பிறகும் கான்ட்ராக்டில் வைத்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகத்தான் கூப்பிட்டார்கள். அங்கே எல்லோருக்கும் நான் மாவ்ஷி. மராட்டியில் அம்மாவின் தங்கையை அப்படிக் கூப்பிடுவார்கள். டிபார்ட்மெண்டுக்குத் தலைவியான பெரிய மேடமும் அப்படித்தான் கூப்பிடுவார், வாசலில் நிற்கும் செக்யூரிட்டியும் அப்படித்தான்.

அங்கே வருகிறவர்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்வார்கள், ஊசி போட மாட்டார்கள். பெரிய படிப்பு முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்ய வந்த பிள்ளைகள். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள் என்று சில வருஷம் முன்னால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் ஒரு பெரியவர் துணை. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். புதியவர்கள் செய்த வேலையைச் சொல்வார்கள், பெரியவர்கள் திருத்துவார்கள். முதல் வருஷ முடிவில் மேஜைக்குத் திருப்தி என்றால் இரண்டாம் வருஷம் உண்டு. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கட்டிக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன். போகும்போது நான் சாய் போடுகிற பாண்ட்ரிக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்படிப் புதிதாக வந்தவள்தான் அந்தப் பெண், பக்கத்து நிக்டிக்காரி. தமிழ்க் குடும்பம், அப்பாவுக்கு ஃபாக்டரி வேலை. தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் இருட்டில் செருப்பைத் தேடுகிற மாதிரி தேடுவாள். வயதான தமிழ்ப் பெண்கள் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா, என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது அவளுடைய வேலை. கேட்டுவிட்டு மெஷின் வைத்து பிரஷரும் பார்க்க வேண்டும்.

ஒருநாள் ஃபார்மை எடுத்துக்கொண்டு பாண்ட்ரிக்கு வந்தாள்.

"மாவ்ஷி, நான் கேக்கறது புரியுதா சொல்லுங்க. நீங்கள் உயர் இரத்த அழுத்தத்திற்கான மருந்தைத் தவறாமல் உட்கொள்கிறீர்களா?"

"இது இன்னாம்மா, ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரி? பிரசர் மாத்திரை தெனம் போடுறியான்னு கேளு."

"போடுறியா சொன்னா குஸ்ஸா... கோவம் ஆக மாட்டாங்க?"

"அப்ப போடுறீங்களான்னு கேளேன்."

எழுதிக்கொண்டாள். அடுத்தது ஊறுகாய், அப்பளம் எத்தனை நாள் என்று இருந்தது.

"கருவாடு எங்க?"

"கருவாடு மத்லப்?"

"காஞ்ச மீனும்மா. சுகட், போம்பில். அது இல்லாம எங்காளுங்களுக்கு சோறு எறங்குமா?"

அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு என்னையே கேட்டுப் பார்த்தாள். மாத்திரை தினமும் போடுகிறீர்களா? தினமும் என்றேன். ஒரு நாள்கூட மிஸ் இல்லையா? இல்லை என்றேன்.

தாபோடியில் என் நாத்தனார் குடியிருக்கிற சாலில், அந்த வரிசை வீடுகளில், பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஜனங்கள்தான். வட ஆற்காட்டிலிருந்து மிலிட்டரி வேலைக்கு வந்தவர்களின் வம்சம். ஃபைலோடு போய் நிற்கிற புதுப் பெண்ணுக்கு அங்கே கதவு திறக்க மாட்டார்கள். அதனால் பெரிய மேடம் என்னைக் கூடப் போகச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. மேடம் எத்தனையோ பிள்ளைகளுக்குத் துணை கொடுத்திருக்கிறார், இந்தப் பிள்ளைக்கு என்னைக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

போகிறதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது, இன்றும் இருப்பது கட்கியில். ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே சுண்ணாம்பு அடிப்பார்கள். நான் மூணாவது வரைக்கும் போன பள்ளிக்கூடத்தில் அதிகாரி வருகிறார் என்றால் டீச்சர் கேள்வியையும் பதிலையும் முந்தின நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார். அதிகாரி கேட்பார், நாங்கள் பதில் சொல்வோம், டீச்சருக்கு நல்ல பெயர். ஒருவருக்கு உதவி செய்வது என்றால் அதுதான் என்று எனக்குப் பழகியிருந்தது.

நாத்தனார் வீட்டு வாசலில் பெண்களைக் கூட்டினேன்.

"வர்றது நம்ம பொண்ணு. நீங்க சொல்றத வெச்சித்தான் அதுக்கு வேலை. மாத்திரை தெனம் போடுறேன்னு சொல்லுங்க. கருவாடு தொடுறதே இல்லன்னு சொல்லுங்க."

"நேத்துத்தானே அண்ணி, எங்கூட்டுல ரெண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்ன?" என்றாள் நாத்தனார்.

"அத யாரு உன்ன சொல்லச் சொன்னது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சொன்னதை மறக்கவில்லை.

மறுநாளிலிருந்து லோக்கல் ட்ரெயினில் கட்கிக்கு அடுத்த ஸ்டேஷனான தாபோடியில் இறங்கி, இரண்டு வாரத்தில் நாற்பது வீடு முடித்தோம். ஒரு கதவும் மூடவில்லை. எல்லோரும் உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், தினமும் போடுகிறேன், கருவாடு தொடுவதில்லை என்றார்கள். ஒரு வீட்டில் அடுப்பில் கருவாடு வறுபட்டுக்கொண்டிருந்தபோதே அந்தம்மா தொடுவதில்லை என்றாள். பெண் அதையும் எழுதினாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்:

"ஸ்மெல் வந்துச்சு மாவ்ஷி. ஆனா மூக்கு சொல்றத எழுதக் கூடாது. அவங்க வாய் சொல்றததான் எழுதணும். அதான் ரூல்."

நல்ல ரூல் என்று நினைத்துக்கொண்டேன்.

வருஷக் கடைசி வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தது. நான் சாய் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, கேட்டால் புரியும். பெரிய மேடம் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே பேசினார். நாற்பது பேரும் தினமும் மாத்திரை போடுகிறார்கள், நாற்பது பேரும் உப்பு மீன் தொடுவதில்லை, ஆனால் பிரஷர் மட்டும் பாதிப் பேருக்கு மேல் ஏறிக் கிடக்கிறது, இது எப்படி என்றார். பெண் மெஷினைச் சரிபார்த்ததாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்த வயதான சார் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார், நீ வீட்டுக்குப் போனாயா, இல்லை ரூமில் உட்கார்ந்து நீயே எழுதினாயா என்று.

அந்த இடத்தில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. திருடி என்பதற்குச் சமம். இரண்டாம் வருஷம் போவது மட்டுமில்லை, அந்தப் பெயரோடு போனால் வேறு எங்கேயும் உள்ளே விட மாட்டார்கள். பெண் எழுந்து நின்றாள். "போனேன் சார்" என்றாள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "மாவ்ஷி, நீங்க கூடப் போனீங்க இல்ல?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"போனேன்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டு ட்ரேயை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பாண்ட்ரியில் கோப்பைகளைக் கழுவினேன். கழுவின கோப்பையையே மறுபடி கழுவினேன். அந்தக் கட்டடத்தில் இத்தனை வருஷத்தில் என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. சாவி தொலைந்ததில்லை, ஃபைல் மாறினதில்லை. அதெல்லாம் என் நினைப்பில் வந்து போயிற்று. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக ட்ரே இல்லாமல் அந்த அறைக்குள் போனேன்.

"அந்தப் பொம்பளைங்களுக்கு என்ன சொல்லணும்னு நான்தான் முன்னாடியே சொல்லிக்குடுத்தேன். இந்தப் பொண்ணுக்குத் தெரியாது" என்று ஹிந்தியில் சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் மாவ்ஷி?"

"இன்ஸ்பெக்‌ஷன்னு நினைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. வயதான சார் ஆறிப்போன சாயை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். மேடம் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பதில்கள் செல்லாது, வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், நாலு மாதம் தவணை, இரண்டாம் வருஷத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம். என் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் பெண் பாண்ட்ரிக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஸ்மெல் வந்தப்போ நான் திருப்பிக் கேட்டிருக்கணும். சபி லோக், எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க, எனக்கு டவுட் வந்திருக்கணும்" என்றாள்.

"நீ ரூல்படி எழுதின. தப்பு என்னோடது."

"ஆமா, உங்களோடதுதான்" என்றாள். அப்புறம் சிரித்தாள். "இந்தத் தடவை நீங்க வராதீங்க மாவ்ஷி."

சரி என்றேன்.

அவள் அடுத்துப் போனது கட்கிக்கு. தனியாக அலைந்தாள். முதல் வாரம் பல கதவுகள் திறக்கவில்லை என்று பாண்ட்ரிக்குச் செய்தி வந்தது. நான் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை காலை எங்கள் சந்துக்கே வந்துவிட்டாள். வீடுகளை எண்ணி, ஐந்துக்கு ஒரு வீடு கேட்பாள். எண்ணிக்கை என் பக்கத்து வீட்டில் விழுந்தது. நடுவில் ஒரு சுவர்தான்.

பக்கத்து வீட்டுக்காரி பின்கட்டுக்கு ஓடி வந்து சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அக்கா, யாரோ பொண்ணு ஃபார்மோட வந்துகீது. உங்க ஆபீசுதானாம். நான் இன்னா சொல்லணும்?"

"எனக்கு இன்னாடி தெரியும்? உன் வாய், உன் பேச்சு."

"இல்ல, எதனா சொல்லு. தப்பா சொல்லிட்டா?"

"போடி உள்ள" என்று சொல்லிவிட்டு நானும் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

சுவர் மெல்லிசு. எல்லாம் காதில் விழுந்தது. மாத்திரையா, தலை சுத்தினா போடுவேன், இல்லாட்டி எதுக்கு என்றாள். கருவாடா, முந்தாநாள்கூட செஞ்சேன், உனக்கு வேணுமா கண்ணு என்றாள். பெண் அதையும் எழுதிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு மெஷினுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

போகும்போது என் கதவை அவள் தட்டவில்லை. நானும் திறக்கவில்லை. ஷெல்ஃபில் பழைய ஸ்ரீகண்ட் இனிப்பு டப்பாவில் என் மாத்திரைகள் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். போன மாதத்து அட்டையே இன்னும் பாதி முடியவில்லை.

அவளுக்கு இரண்டாம் வருஷம் கிடைத்தது. ஜன்னல் பக்கத்து மேஜை இப்போதும் அவளுடையதுதான். பதினோரு மணிக்கு நான் சாய் கொண்டுபோகும்போது, "மாவ்ஷி, மாத்திரை?" என்பாள்.

"நேத்து போடல" என்று சொல்வேன். போடாமல் விட்டிருந்தால் மட்டும்.