ஐந்து மிக்சிகளும் ஒரு திருத்தமும்

கார்த்திகை மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இரவு முழுதும் கொட்டிய மழை வெறித்து, தெருமுனை வேப்பமரம் மட்டும் தனியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பால் வாங்கப் போன நான் குப்பைத்தொட்டி அருகே நின்றுவிட்டேன். தொட்டிக்கு வெளியே ஐந்து மிக்சிகள் நனைந்து கிடந்தன. வெள்ளை மூன்று, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்பு மிக்சியின் ஜாரில் தேங்காய்த் துருவல் இன்னும் ஒட்டியிருந்தது. இரண்டு நாளைக்கு முன்பு வரை யார் வீட்டிலோ அது சட்னி அரைத்திருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒரு பெண் மிக்சியைப் போடுகிறாள். அது வெடிக்கிறது. கையெல்லாம் ரத்தம். கீழே, "நம்ம பஜாரில் ரிப்பேர் செய்த பழைய மிக்சி. பழசை இன்றே தூக்கிப் போடுங்கள். பத்துப் பேருக்காவது அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தது. எங்கள் பஜாரில் மிக்சி ரிப்பேர் கடை ஒன்றுதான். பேர் சொல்லாமலே பேரைச் சொல்லியாயிற்று. அறுபத்து நான்கு வீடுகள் உள்ள குழு அது. நான் அந்த வீடியோவை நான்கு முறை பார்த்தேன். நான்காம் முறை சுவரில் இருந்த பிளக் கண்ணில் பட்டது. தட்டையான கம்பிகள். பாளையங்கோட்டையில் எந்த வீட்டிலும் உருண்டைக் கம்பிதான். அடுப்பு மேடைக்கு மேல் தொங்கிய காலண்டரில் இருந்தது நான் எங்குமே பார்த்திராத எழுத்து; அது நம் பஜாரே இல்லை, ஏதோ வெளிநாடு. முப்பத்தோரு வருடம் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்தியவனின் கண். செய்தியை விட்டுவிட்டு ஓரங்களைத்தான் முதலில் பார்க்கும்.

மிக்சிகளைப் பார்த்து நின்ற அந்த நேரத்தில், என்னை அப்படிப் பார்க்கப் பழக்கிய எங்கள் செய்தி ஆசிரியரை நினைத்துக்கொண்டேன். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் பேனாவும் மூக்குப்பொடி டப்பாவும் சேர்ந்தே இருக்கும். நிருபர்கள் கொண்டுவரும் எந்தச் செய்திக்கும் அவரிடம் ஒரே கேள்விதான்: "பாத்தியளா, கேட்டியளா?" கேட்டது என்றால், "அப்ப கேட்டதுன்னே எழுதும்வே. பாத்த மாதிரி எழுதாதியும்" என்பார். பாபநாசம் அணையின் நீர்மட்டம் ஒரு வரிச் செய்தி; அதற்கும் அவரே போன் செய்து கேட்டுவிட்டுத்தான் அச்சுக்கு விடுவார்.

ஒரு முறை முக்கூடலில் சோடா பாட்டில் வெடித்து ஒருவருக்குக் காயம் என்று மூன்றாம் பக்கத்தில் போட்டோம். வெடித்த கடைக்குப் பதில் வேறொரு கடையின் பேர் அச்சாகிவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் அந்தக் கடைக்காரர் வந்து மேஜை முன் நின்றார். "நேத்து ஒரு சோடா விக்கலய்யா" என்றார். திருத்தத்தைக் கடைசிப் பக்க மூலையில் பொடி எழுத்தில் போடுவதுதான் அன்றைய வழக்கம். செய்தி ஆசிரியர் ஒப்பவில்லை. "தப்பு எந்த எடத்துல வந்துச்சோ அங்கனதான் திருத்தமும் வரணும். அது எம்புட்டுப் பெரிய எழுத்தோ இதுவும் அம்புட்டுப் பெருசு" என்றார். அந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வரவேண்டியிருந்தது. அதை எடுத்துவிட்டார். முதலாளி அவர் சம்பளத்தில் நூற்று நாற்பது ரூபாய் பிடித்தார். கையெழுத்துப் போட்டவர், அந்த ஞாயிற்றுக்கிழமை முக்கூடலுக்கே போய், பஜார் பார்க்க அந்தக் கடை வாசலில் நின்று சோடா குடித்துவிட்டு வந்தார். குடித்தது இரண்டு என்று பின்னால் கேள்விப்பட்டேன். அது கேட்டதுதான், பார்த்ததில்லை.

பாலை வீட்டில் வைத்துவிட்டு, சாக்கில் ஐந்து மிக்சிகளையும் அள்ளி, ஆட்டோவில் ரிப்பேர் கடைக்குப் போனேன். ஏறக்குறைய என் வயதுள்ள கடைக்காரர், ஆள் இல்லாத கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சார்வாள், நீரும் குப்பை பொறுக்க எறங்கிட்டீரா?"

"அஞ்சையும் ஓட வைக்க முடியுமா பாரும்."

"ஓட வச்சு? வெடிக்கும்லா! உம்ம தெருவுலதான எல்லாருக்கும் அனுப்புனாங்க?" குரலில் கசப்பு ஏறியிருந்தது. "ரெண்டு நாளா ஒரு ஜாரு கூட வரல. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் பூட்டிட்டு, திருப்பூர்ல மருமவன் கம்பெனியில வாச்மேனா நிக்க வேண்டியதுதான்."

இரண்டு மிக்சிகள் மழையில் தேறாமல் போயின. மூன்று ஓடும் என்றார். "உமக்குன்னு கூலிய குறைக்க மாட்டேன் வே. இப்ப எனக்கு நீரு ஒருத்தர்தான் கிராக்கி" என்றும் சொன்னார். நியாயம்தான்.

அங்கிருந்து நேரே தெரு நலச்சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். வீடியோவைக் குழுவில் போட்டவர் அவர்தான். ஊஞ்சலில் இருந்தபடி சிரித்தார்.

"வந்தத அனுப்புனேன் சார்வாள். நானா எடுத்தேன் அந்த வீடியோவ? அதான் டிலீட் பண்ணிட்டேம்லா."

"அழிச்சா திருத்துனதா ஆயிருமா? பாத்தவங்க கண்ணுல இருந்தும் அழிச்சிட்டீரா?"

"இப்ப என்ன செய்யணும்ங்கிய?"

"வர்ற ஞாயித்துக்கிழமை, அதே மதியம், அதே குழுவுல, உம்ம போன்ல இருந்து, அதே அளவு வீடியோ. குப்பையில கெடந்த மிக்சி ஓடுறத எல்லாரும் பாக்கணும். பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லியும் கீழ எழுதணும்."

"ஒரு மிக்சிக்கு இம்புட்டா! ரிட்டயர்டு ஆயாச்சுன்னா எல்லாருக்கும் இப்படித்தான் ஆவும் போல."

"ஒரு மிக்சி இல்ல வே. ஒரு கடை."

சனிக்கிழமை வரை தினமும் காலை அவர் வீட்டு மணியை அடித்தேன். கடைசியில் என் தொல்லைக்காகத்தான் இணங்கினார். ஞாயிற்றுக்கிழமை கடையில் மூன்று மிக்சிகளையும் வரிசையாக வைத்து, தேங்காயும் பொட்டுக்கடலையும் மிளகாயும் போட்டோம். செயலாளரின் போனை நான் பிடித்துக்கொண்டேன். சுவிட்சைப் போட வேண்டியவர் அவர் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: விளையாட்டாக அனுப்பியவர் இல்லை அவர். அந்த வீடியோவை முழுக்க நம்பியிருந்தார். ஒரு வாரம் அவர் மீது வைத்திருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கியது.

"பைய போடும் அண்ணாச்சி, கடிக்காது" என்றார் கடைக்காரர்.

கண்ணை மூடிக்கொண்டு போட்டார். மிக்சி ஓடியது. சட்னி அரைபட்டது. அவரே மூடியைத் திறந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "உப்புப் போடலையே வே" என்றார். அதையும் வெட்டாமல் அனுப்ப வைத்தேன்.

வெடித்த வீடியோவுக்குக் குழுவில் முப்பது பேர் பதறியிருந்தார்கள். எங்களுடையதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். திருத்தம் எப்போதும் பொய்யைவிடப் பைய நடக்கும். அச்சிலும் அப்படித்தான் இருந்தது. நடந்தால் போதும். அந்த வாரம் கடைக்கு நான்கு மிக்சிகள் வந்தன. ஒன்று செயலாளர் மனைவியே கொண்டு போனது. மாதக் கடைசி கடந்தும் கடை திறந்திருக்கிறது. "திருப்பூர் தள்ளிப் போயிருக்கு, அம்புட்டுதான்" என்கிறார் கடைக்காரர்.

ஓடிய மூன்றில் இரண்டை அதனதன் வீட்டார் முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள். சிவப்பு மிக்சியைக் கேட்டு யாரும் வரவில்லை. புதுசு வாங்கிவிட்டவர்களுக்குப் பழசை வைக்க இடமில்லை. அது இப்போது எங்கள் அடுப்படியில் இருக்கிறது. ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று என் மனைவி முணுமுணுத்தாள். ஆனாலும் காலைச் சட்னி அதில்தான் ஆகிறது. இன்றும் லேசான தூறல். பால் வாங்கப் போகையில் தெருமுனையில் நின்று பார்த்தேன். தொட்டிக்கு வெளியே ஒரு பழைய மின்விசிறி கிடந்தது. சாக்கு எடுத்து வரத் திரும்பினேன்.

அன்று அந்தத் திருத்தத்துக்குச் செய்தி ஆசிரியருக்கு ஆனது நூற்று நாற்பது ரூபாய். எனக்கு ஆட்டோ, கூலி, தேங்காய் எல்லாம் சேர்த்து, மின்விசிறி நீங்கலாக, ஆயிரத்து முப்பத்தேழு ரூபாய்.