தட்டு சிவக்கும் காலை

ஒட்டியிருப்பதை அறுப்பதில் ஒருத்திக்கு இவ்வளவு ஆனந்தம் எங்கிருந்து வருகிறது? கணவரின் குடையை மடியில் விரித்து, ஓரத்தில் நகக்கண் அளவு நைலானை வெட்டிக்கொண்டிருக்கிறார் கத்தரியக்கா. ஆய்வுக்கூடம் வைத்த பெயர் அது. "இந்த வீட்ல மூலை முழுசா இருக்கற பொருள் ஒண்ணு காட்டு பாப்போம்" என்கிறார் கணவர். மகளின் பள்ளிப் பைக்கு ஏற்கெனவே காது போய்விட்டது.

துணுக்குகள் ஆய்வுக்கூடத்துத் தட்டுகளில் அவர் வளர்க்கும் பாக்டீரியாக்களுக்குத் தீனி; நைலானைத் தின்னும் இனம் ஒன்று கிடைக்குமா என்பதுதான் தேடல். நைலானின் கண்ணிகளைக் கோத்து வைத்திருப்பது அமைடுப் பிணைப்பு. அதை அறுக்கும் நொதிகளுக்கு அமைடேஸ் என்று பெயர். பிணைப்பு அறுந்தால் அம்மோனியா போன்ற காரம் கசியும், தட்டில் கலந்த மஞ்சள் சாயம் சிவக்கும். காலையில் தோள்பையைக்கூடக் கழற்றாமல் தட்டுகளிடம் ஓடுவார் அக்கா. "தின்னுங்கடி, என்ன வெட்கம்?"

ஒருநாள் எல்லாத் தட்டுகளும் சிவந்திருந்தன. மாடி முழுக்கக் கேட்கும்படி கூவி ஆட்களைக் கூட்டிவிட்டார். தீனியே வைக்காத தட்டும் சிவந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தார்கள். தரை துடைத்த திரவத்திலிருந்த அம்மோனியா மூடிகளுக்குள் புகுந்திருந்தது. தரைதான் நைலானைத் தின்றுவிட்டதாம் என்று கேலி கிளம்பியது. அக்காவும் சேர்ந்து சிரித்தார். தலைமை ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. மதிப்பீட்டுக் குழு வரும்போது ஒரு நல்ல தட்டாவது வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூடிவிட வேண்டியதுதான் என்றார்.

குழு வந்த காலையில் இரண்டு தட்டுகள் சிவந்திருந்தன. ஒன்றில் வைத்தது எளிய சிறு அமைடு, பல்லில்லாதவரும் விழுங்கக்கூடிய தீனி. அது ரத்தமாய்ச் சிவந்திருந்தது. மற்றதில் நைலான். சிவந்ததா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் வெளிறல். ஆனால் அருகிலிருந்த, தீனி வைக்காத வெறுந்தட்டு மஞ்சளாகவே இருந்தது. அக்கா பக்கத்து மேசைக்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "கடிச்சிருச்சுடி. நிஜமாவே கடிச்சிருச்சு."

தலைமை ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். "பளிச்சுன்னு ஒண்ணு இருக்கேம்மா, அதைக் காட்டு. இது யாரு கண்ணுக்குத் தெரியப்போகுது?"

இரண்டு தட்டுகளையும் ஏந்திக்கொண்டு குழுவின் அறைவரை போன அக்கா, வாசலில் ரத்தச் சிவப்பைக் கூடவே வந்த தலைமை ஆய்வாளர் கையில் திணித்துவிட்டு, வெளிறியதோடு உள்ளே நுழைந்தார். ஏன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. குழுத்தலைவி தட்டைக் கண்ணருகே கொண்டுபோய் நெற்றியைச் சுருக்கினார். அக்கா தன் நிழல் தட்டின்மேல் விழாதபடி, சன்னலைவிட்டு ஓரடி விலகி நின்றுகொண்டார்.