கிணற்றுக்குள் இறங்கிய கடல் ரோபோ

சென்ற தை மாதம் நடந்தது. தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறைகளைப் படம் பிடிக்கும் வேலை முடிந்து, சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தேன். கடலுக்கடியில் ரோபோவை இறக்கி ஆராய்ச்சி செய்வது என் வேலை. ஊரில் மீன்வளத் துறை என்றுதான் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை.

ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணற்றடியில், விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் செருப்பு கிடந்தது. முந்தைய நாள் மனைவியோடு சண்டை போட்டுவிட்டுப் போனவர் வீடு திரும்பவில்லை. தீயணைப்பு வீரர்கள் கொக்கி போட்டுத் துழாவியும் ஒன்றும் சிக்கவில்லை. என் காரில் ரோபோ இருப்பதை அறிந்த பக்கத்து வீட்டுக்காரர் என்னை அழைத்துப் போனார்.

எடுத்ததுமே சொதப்பினேன். கடலின் உப்புத் தண்ணீருக்கென்று ரோபோவில் கூடுதல் எடை கட்டியிருந்தது. அதைக் கழற்ற மறந்துவிட்டேன். கிணற்றின் நல்ல தண்ணீரில் அது நிற்காமல் அமிழ்ந்து, அடியில் முட்டி, சகதியைக் கிளப்பிவிட்டது. திரை முழுக்கப் பழுப்பு. மேலே இழுத்து, எடையைக் குறைத்து, சகதி படியும்வரை காத்திருந்து மறுபடி இறக்கினேன்.

"ஒண்ணும் தென்படலம்மா" என்றேன், கிணற்றடியில் நின்றிருந்த அவருடைய மனைவியிடம். எங்கள் அறிக்கைகளில் அப்படித்தான் எழுதுவோம். பார்க்காத இடம் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்பதால் 'இல்லை' என்று எழுத மாட்டோம்.

அந்தப் பெண் என்னையே பார்த்தார். "தென்படலன்னா என்ன அண்ணாச்சி? நான் இப்ப அழணுமா, வீட்டுக்குப் போயி சோறு பொங்கணுமா?"

கடல் தரையை அளப்பதுபோல் சுவருக்குச் சுவர் வரிவரியாக ரோபோவை ஓட்டினேன். மோட்டார் குழாய்க்குப் பின்னால், படிகளுக்கு அடியில், கல் இடுக்குகளில் பார்த்தேன். ஓரிடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்ததும் ரோபோவைக் கிட்டே கொண்டுபோனேன். உரச்சாக்கு. இனிப் பார்க்க இடமே இல்லை என்றான பிறகு, "இல்லம்மா. அவரு இங்கன இல்ல" என்றேன். அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த சில நாட்களில் கணவர் திருச்செந்தூரிலிருந்து யாருடைய போனிலோ பேசினாராம். கோபத்தில் பாதயாத்திரைக் கூட்டத்தோடு சேர்ந்தவர், கிணற்றில் குளித்து, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்திருக்கிறார். மனைவி திட்டியது தெருக்கோடி வரை கேட்டதாம்.

இப்போதும் அறிக்கையில் 'தென்படவில்லை' என்றுதான் எழுதுகிறேன். ஆனால் எழுதுவதற்குமுன் ரோபோவை இன்னொரு சுற்று அனுப்பிவிடுகிறேன்; மேலே யாரோ ஒருத்தி சோறு பொங்கலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்பதாகவே எனக்குப் படுகிறது.