நல்லசிவம் ஏட்டையாவின் தொப்பி

"ஒண்ணுமில்லீங்க! சும்மாதானுங்க வர்றேன்!"

சாயங்காலம் ஐந்தரை மணி சுமாருக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்குக் கீழே சாலை வளைகிற இடத்திலிருந்து இந்தக் குரல் வரும். அங்கே ஒரு சீகை மரம் இருக்கிறது. பனிமூட்டத்தில் மரமும் தெரியாது, ஆளும் தெரியாது. குரல் வந்து இரண்டு நிமிஷம் கழித்துத்தான் நல்லசிவம் ஏட்டையா படியேறி வருவார். காக்கிச் சட்டைக்கு மேல் முழங்கை தேய்ந்த கம்பளி ஜெர்சி, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் கீரைக்கட்டோ பீட்ரூட்டோ. தன் வீட்டுக்குத் தானே போகிற மனிதர் ஊருக்கெல்லாம் எதற்குக் கூவி அறிவிக்க வேண்டும் என்று, குன்னூருக்குக் குடிவந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் குமாஸ்தா. பகல் முழுக்கச் சங்குச் சத்தம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒரு சங்கு.

என் மனைவி ஜானகிதான் துணிந்து கேட்டாள். ஏட்டையா கீரைக்கட்டை எங்கள் சுவர்மேல் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க அம்மிணி, நான் பேசாம வந்தேன்னா ஒவ்வொரு ஊட்டுலயும் ஒருத்தருக்கு நெஞ்சு நின்னு போகுமுங்க."

அவர் சொன்னது நிஜம். முப்பது வருஷ சர்வீஸில் அவர் ஒரு திருடனையும் பிடித்ததில்லை. அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்: "ஒருத்தன் மட்டும் தானா வந்து உழுந்தானுங்க. வெளிய குளிரு, ஸ்டேஷன்ல அடுப்பு இருக்குதுன்னு வந்தானாம்." அவருக்கென்று வாய்த்த வேலை, சாவுச் செய்தி சொல்லப் போவது. இந்த மலையில் பிழைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் கீழே சமவெளியில் இருக்கிறார்கள். கீழே ஒரு உயிர் போனால் வயர்லெஸ்ஸில் ஸ்டேஷனுக்குச் செய்தி வரும். எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு யாராவது நடந்து போய்ச் சொல்ல வேண்டும். மற்ற போலீஸ்காரர்கள் எல்லாம் நழுவிவிட, இவர் தலையில் அது விழுந்தது, விழுந்தது அங்கேயே தங்கிவிட்டது.

அட்டை கடிக்கிற ஒற்றையடிப் பாதை, வழுக்குப் பாறை, சில நாள் காட்டெருமை. எல்லாவற்றையும் தாண்டிப் போவார். திரும்பி வந்ததும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் வாசற்படியிலேயே நிறுத்திக் காலில் வெந்நீர் ஊற்றுவார். வாய்க்காரி. "ஊரு எழவையெல்லாம் செருப்போட வெளியவே உட்டுட்டு வாங்க" என்று அவர் போடுகிற சத்தம் நான்கு வீட்டுக்குக் கேட்கும். ஏட்டையா பூனை மாதிரி நின்று காலைக் காட்டுவார். அப்புறம் முழங்காலுக்குத் தைலம். அந்த வாசனை பொதுச்சுவர் தாண்டி எங்கள் சமையலறை வரைக்கும் வரும். நாளாக நாளாக அது எங்கள் வீட்டு வாசனை மாதிரியே ஆகிவிட்டது.

இன்னொரு வினோதம் அவருடைய பாக்கெட் டைரி. எல்லாப் பக்கத்திலும் பஸ் நேரம். கோயமுத்தூர் வண்டி, ஈரோட்டு வண்டி, மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் மாற்றிப் பிடிக்க வேண்டிய திருநெல்வேலி வண்டி. ஒரு வண்டி ஐந்து நிமிஷம் மாறினாலும் அடித்துத் திருத்தி வைத்திருப்பார். "போலீஸ் டைரியா, டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் போர்டா?" என்று ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை கேலி செய்தேன். அவர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. அன்றுதான் ஆயம்மாள் கதையைச் சொன்னார்.

செத்துப்போனார் என்று எங்கேயும் யாரும் வாசலில் நின்று சொல்வதில்லை. "கொஞ்சம் சீரியஸா இருக்குதாம், உடனே பொறப்படுங்க" என்பதுதான் வழக்கம். ஏட்டையாவும் பல வருஷம் அப்படித்தான் சொல்லி வந்தார். அவர் வாயிலிருந்து சீரியஸ் என்று வந்தால் காரியம் முடிந்துவிட்டது என்று மலை முழுக்கத் தெரியும். கேட்டவர்கள் அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்வார்கள். சொன்னபிறகு அங்கே நிற்கக்கூடாது என்பதும் வழக்கம். இவர் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்.

ஒருநாள் காலை செய்தி வந்தது. தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரி மலைப்பாதையில் கவிழ்ந்து, சுடலை என்ற சுமை தூக்கும் ஆள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நிலைமை சீரியஸ், மனைவி ஆயம்மாளை உடனே அனுப்பவும். ஒன்பது மணிக்கு ஏட்டையா லயத்தில் நின்றார். வாய் பழக்கப்படி வந்தது. "அம்மிணி, உங்க ஊட்டுக்காரருக்குக் கொஞ்சம் சீரியஸுங்க. உடனே பொறப்படுங்க." சொல்லிவிட்டுத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் ஆயம்மாளின் ஓலம் கேட்டது.

இந்த முறை அந்த வார்த்தைக்கு அதன் சொந்த அர்த்தம்தான் என்பது பாதி வழியில்கூட அவருக்கு உறைக்கவில்லை. லயத்துப் பெண்கள் ஆயம்மாளை நடுவில் உட்கார வைத்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எழவுக்குப் பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று மலையின் மறுகோடியில் சேரங்கோட்டில் இருந்த அவள் அண்ணனுக்கு ஆள் அனுப்பினார்கள். அண்ணன் வந்துசேர இருட்டிவிட்டது. மறுநாள் விடிந்து, கோடி வேட்டியும் மாலையுமாகப் போய் இறங்கினார்கள். சுடலை முந்தின நாள் மாலை நாலு மணி வரைக்கும் உயிரோடு இருந்திருக்கிறான். 'எம் பொஞ்சாதி வந்துட்டாளா' என்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தான் என்று வார்டு ஆயா சொல்லியிருக்கிறாள்.

"பத்தேகாலுக்கு வண்டி இருந்துச்சுங்க" என்றார் ஏட்டையா. "ஒரு மணிக்கெல்லாம் போயிருக்கலாமுங்க. மூணு மணி நேரமுங்க. புருஷன் பொண்டாட்டி மூணு மணி நேரம் பேசியிருக்கலாம்."

காரியம் எல்லாம் முடிந்து இவர் லயத்துக்குப் போய்க் கைகட்டி நின்றிருக்கிறார். ஆயம்மாள் ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "உசுரோட இருக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடியிருப்பனே, ஐயா" என்று மட்டும் கேட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு ஏட்டையா தைலப் புட்டியை மூடி வைத்தார். ஜானகியைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் டைரியில் பஸ் நேரம் ஏறியது. அதற்குப் பிறகுதான் தொப்பியும். உயிர் போய்விட்டதென்றால் முதல் படியிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். உயிர் இருக்கிறதென்றால் தொப்பி தலையிலேயே இருக்கும். தூரத்திலிருந்தே "இருக்காருங்க! ஓடுங்க, வண்டியப் புடிங்க!" என்று கத்திக்கொண்டு வருவார், மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூட ஓடுவார். இது எந்தப் போலீஸ் சட்டத்திலும் கிடையாது. ஆனால் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. கொழுந்து எடுக்கிற பெண்கள் சாலையில் காக்கியைக் கண்டால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், தலையைத்தான் பார்ப்பார்கள். நாங்களும் அப்படித்தான்.

போன மே மாதம் கிருஷ்ணம்மாளுக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்று கோயமுத்தூரில் நாள் குறித்தார்கள். துணைக்குக் கிருஷ்ணம்மாளின் தங்கை பாப்பா போனாள். ஏட்டையா பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தார். சீசன். ஊட்டி முழுக்கக் கூட்டம், மலர்க் கண்காட்சி, பெரிய மனிதர்கள் வருகை. யாருக்கும் லீவு இல்லை, சீசன் முடியட்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எவன் பெண்டாட்டிக்கோ செய்தி கொண்டுபோய்க் காலைத் தேய்த்தவனுக்குத் தன் பெண்டாட்டி பக்கத்தில் நிற்க ஒரு நாள் கிடையாதா என்று கத்தினேன்.

"பூவுக்கும் காவல் வேணுமல்லங்க" என்றார் ஏட்டையா. சிரிக்கத்தான் பார்த்தார்.

கிருஷ்ணம்மாள் பஸ் ஏறும்போதுகூட, "வெந்நி போட்டுக் காலக் கழுவோணும், ஆமா" என்று ஜன்னல் வழியாக அதட்டினார். அன்றிலிருந்து ஏட்டையா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தயாராக இருந்தது. இரண்டு வேட்டி, ஒரு பிளாஸ்க், ஆஸ்பத்திரியில் குளிராதென்று கிருஷ்ணம்மாள் விட்டுப்போன சால்வை. "ஒரு வார்த்தை வந்தாப் போதுமுங்க. லீவாவது ஒண்ணாவது, ஓடீருவேன்" என்றார்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பகல் டியூட்டிக்குப் போவதற்காகப் படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் செய்தித்தாளோடு நின்றிருந்தேன். பனி கொஞ்சம் விலகியிருந்தது. கீழே சீகை மரத்தடியில் தனசிங் வருவது எனக்குத் தெரிந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷமாக ஏட்டையாவோடு வேலை பார்க்கிற கான்ஸ்டபிள். இவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். அவர் மரத்தடியில் நின்று தொப்பியைக் கழற்றினார். நாலடி வைத்தார். மறுபடி நின்று, அதைத் தலையில் வைத்துக்கொண்டார். ஏட்டையா பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

தனசிங் படிக்குக் கீழே வந்து நின்றார். "அண்ணே, மதினிக்குக் கொஞ்சம் சீரியஸாம்ணே. ஒடனே வரச் சொல்லுதாவ."

ஏட்டையா நிமிர்ந்தார். தொப்பியைப் பார்த்தார். ஒரே தாவலில் உள்ளே போய்ப் பையோடு வந்தார். "பன்னெண்டரை வண்டி இருக்குது. கெளம்பியிருக்காது. வா தனசிங், ஓடலாம்." ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது. இரண்டு படி இறங்கியும் விட்டார்.

தனசிங் வழிவிடவில்லை. பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவும் இல்லை. தலையைக் குனிந்து அந்த ஒற்றை பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏட்டையா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு பையைப் படியில் வைத்தார். கையை நீட்டித் தனசிங் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். அதன்மேல் படிந்திருந்த பனித்துளியைப் புறங்கையால் துடைத்தார். துடைத்துவிட்டு, அதைத் தனசிங்கின் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வைத்தார்.