கரடியின் அப்பாவுக்கு ஒரு கானா

அந்த உலகத்தில் நான் ஆம்பளை. அகலத் தோள், தலையில் தொப்பி, முறுக்கிய மீசை. கம்ப்யூட்டர் வழியாக உள்ளே நுழைந்தால் கனடாவிலும் கொழும்பிலும் துபாயிலும் இருப்பவர்கள் ஆளுக்கொரு பொம்மை உருவத்தில் நடந்து வருவார்கள். பக்கத்தில் வந்து பேசினால் காதோரம் கேட்கும், விலகிப் போனால் குரலும் தேயும். திருவொற்றியூர் வீட்டில் உட்கார்ந்து பகலெல்லாம் கன்டெய்னர் பில் அடிக்கிற அதே கம்ப்யூட்டருக்குள் இப்படி ஓர் ஊரா என்று முதல் நாள் வாயடைத்துப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

அங்கே ஒரு கூடத்தில் நான் கானா பாடினேன். மேடைக் கானா இல்லை, சாவு வீட்டுக் கானா. எங்கள் குடும்பத்தில் அது அண்ணனுடைய வேலை. செத்தவரைப் பற்றி வீட்டாரிடம் இரண்டு சேதி கேட்பான். அவ்வளவுதான், கண்ணை மூடிப் பாட்டில் கோத்துவிடுவான். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போன எத்தனையோ பேரை அவன்தான் பாடி அனுப்பினான். இப்போது பெண்பிள்ளைகளும் மேடையில் கானா பாடுகிறார்கள், கைதட்டலும் வாங்குகிறார்கள். ஆனால் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட எங்கள் தெருவில் எந்தப் பெண்ணையும் கூப்பிட்டதில்லை. கேட்டுக் கேட்டே மெட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். என்ன செய்வது? என் குரலை ஆண்குரலாக்கும் குட்டி மென்பொருள் ஒன்றை அந்த உலகத்தோடு ஒட்டவைத்துவிட்டேன். அங்கே என்னை யாருக்குத் தெரியும்!

ஊருக்கு வந்து சாவைப் பார்க்க முடியாதவர்கள் மெல்ல மெல்ல என்னிடம் வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவன்தான் கரடி. பழுப்பு நிறக் கரடி உருவம், உள்ளே இருப்பவன் கத்திவாக்கத்துப் பையன், துபாயில் வேலை. அப்பா இறந்துவிட்டார், லீவு கொடுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம காரியம் அண்ணாத்த. நீ பாடுனா நான் அங்க இருந்த மாரி நென்ச்சிக்குவேன்" என்றான். பாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு சேதி கேட்டேன். அப்பா கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் சேற்றைத் தடவியே இறால் பிடிப்பாராம். மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாராம். 'கப்பலு' என்றுதான் கூப்பிடுவாராம்.

அந்த வாரமே அண்ணன் வந்து போனை நீட்டினான். "இத்தக் கேளு மே. யார்னு தெர்ல, சோக்கா பாட்றான். நம்ம வூட்டுப் பாட்டு மாரியே கீது."

கேட்டால், நான்! எவனோ என்னைக் கேட்காமலே பதிவு செய்து ஊர் முழுக்கச் சுற்றவிட்டிருக்கிறான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சுமாரா பாட்றான்ணா" என்றேன்.

"சுமாரா? உனுக்கு இன்னா தெரியும்?" என்று எரிந்து விழுந்தான். "ஏதோ கம்ப்யூட்டர் ஒலகமாம், ஞாயித்துக்கெழம அங்க பாட்றானாம். உன் கம்ப்யூட்டர்ல காட்டு, வரேன்."

ஞாயிறு காலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். உள்ளே போக விடவில்லை. சில திருட்டுப் பயல்கள் அடுத்தவர் உருவத்தைத் திருடுவது, கூடத்தையே முடக்குவது என்று ஆட்டம் போட்டதால், அந்த உலகத்துக்காரர்கள் மோசடியைத் தடுக்கும் மென்பொருள் ஒன்றைக் காவலுக்குப் போட்டுவிட்டார்களாம். கம்ப்யூட்டரில் ஓடுவதையெல்லாம் பார்ப்பேன், சம்மதமா என்றது. துறைமுக வாசலில் சோற்று டப்பாவைத் திறந்து காட்டச் சொல்வார்களே, அந்த மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கம்பெனி பில், என் குடும்பப் போட்டோ எல்லாம் இதில்தானே இருக்கிறது? எதைப் பார்க்கும், எதை விடும் என்று யார் எனக்குச் சொல்வது? கரடி முகம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதம் கொடுத்தேன். கொடுத்த மறு நொடி, "குரல் மாற்றும் மென்பொருள் இருக்கிறது, நீக்கிவிட்டு வா" என்று திரையில் வந்தது. அடேயப்பா! ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது. கோபத்தையும் மீறி மலைத்துப் போனேன். ஆனால் திருடனையும் என்னையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அண்ணன்.

மென்பொருளை நீக்கினேன். உள்ளே போனோம். கூடம் நிறைந்திருந்தது. பூனை, எந்திர மனிதன், இறக்கை முளைத்த பெண் என்று எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் கரடி தனியாக. "அண்ணாத்த, வந்துட்டியா? இப்போ வூட்ல எல்லாம் படையல் போட்டுகினு இருப்பாங்க" என்றான்.

"எங்க மே அந்தப் பாட்டுக்காரன்?" அண்ணன் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "இன்னும் வரலியா? பேஜாரா கீது."

வாய் திறந்தால் அண்ணனிடம் மாட்டிக்கொள்வேன். திறக்காவிட்டால் அந்தப் பிள்ளையின் அப்பா பாட்டில்லாமல் போய்விடுவார். மைக்கைப் போட்டேன். என் சொந்தக் குரலில், பெண்குரலில், எடுத்தேன்.

"பல்லுல பறியக் கவ்வி சேத்துல எறாலத் தேடி
கப்பலுன்னு கூப்புட்டியே, கரையில காணோமே..."

மீசை வைத்த உருவத்திலிருந்து ஒரு பெண் பாடுகிறாள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கரடி பொம்மைக்கு அழத் தெரியாது, அதன் முகம் இளித்தபடியே இருந்தது. ஆனால் உள்ளிருந்து அந்தப் பையன் விம்மி விம்மி அழுதது கூடம் முழுக்கக் கேட்டது. கடல் தாண்டி எங்கோ ஓர் அறையில் அழுகிறவனுடைய மூச்சு என் காதில் விழுகிறதே என்று எனக்குப் புல்லரித்தது. இரண்டாவது அடியில் முதுகுக்குப் பின்னால் தாளம் கேட்டது. அண்ணன் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பாட்டு முடிந்தது. "ரொம்ப தேங்ஸ்க்கா" என்றது கரடி. வேறு எதுவும் கேட்கவில்லை.

மைக்கை அணைத்தேன். அண்ணன் கைலி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எனுக்கு ஒண்ணுன்னா நீதான் மே பாடணும்" என்றான்.

"வாயக் கழுவுண்ணா."

"கழுவுறேன். ஆனா இதே கொரல்ல பாடு."