அணியத்தில் வைத்த கால்

போன வருடம் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு என் புருசன் செத்துப்போனார் என்றுதான் நினைத்தேன். வள்ளத்தின் பின்பக்கத்தில் கிடந்தார். காதுக்கு மேலே பிளந்து இரத்தம் ஓடியது. கூப்பிட்டேன். அசையவில்லை. கரை எங்களை விட்டுத் தூரப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு நீந்தவும் தெரியாது.

எங்கள் கரையின் அம்மன் அம்மாளாச்சியை நம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் வள்ளத்திலேயே குடியிருக்கிறவர்கள். இவருடைய கடற்கரைக் காணி இன்னமும் வேறு ஆட்களின் வேலிக்குள் கிடக்கிறது. கேட்கப் போனால் அடுத்த வருடம் வா என்கிறார்கள். எத்தனை அடுத்த வருடம்? இயந்திரத்துக்கு எண்ணெய் கிடைக்காத காலத்தில் இவர் தகப்பனின் பழைய வள்ளத்துக்குப் பாய் கட்டினார். சட்டி பானையோடும் அடுப்போடும் மழைக்கு ஒரு தறப்பாளோடும் நானும் ஏறினேன். காணி தரும்வரைக்கும் இதுதான் வீடு என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். மீன் படுகிற பக்கம் பார்த்து நாயாற்றிலிருந்து சுண்டிக்குளம் வரைக்கும் கரையோரமாகப் போய்வருவோம். பொழுதுபட்டால் நங்கூரம் போட்டுப் படுப்போம். இரண்டு வருடம் அப்படிப் போனது.

நான் முரசுமோட்டையில் வயலுக்குள் வளர்ந்தவள். பெண் ஏறிய வள்ளத்தில் மீன் படாது என்று கரையில் சொன்னார்கள். நான் காதில் போடவில்லை. ஒன்றுக்கு மட்டும் கட்டுப்பட்டேன். வள்ளத்தின் முன்மூக்கை அணியம் என்பார்கள். அங்கேதான் அம்மாளாச்சிக்குக் கற்பூரம் கொளுத்துவது. அது அவளுடைய இடம், பெண்ணின் கால் படக்கூடாது என்று இவர் சொன்னார். அந்தப் பலகையை நான் ஒரு நாளும் தாண்டவில்லை. நங்கூரமும் கயிறும் கிடப்பது அங்கேதான். போடுவதும் எடுப்பதும் இவர் வேலை.

அன்றைக்குச் சோழகக் காற்று. அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அளம்பிலைத் தாண்டும்போது ஒரே அடியாக அடித்தது. பாயைத் தாங்குகிற மேல்கம்பின் கயிறு அறுந்து, கம்பு இவர் தலையில் விழுந்தது. பாய் பாதி தண்ணீருக்குள் போனது. இவருடைய சாரத்தைக் கிழித்துத் தலையில் கட்டினேன். துடுப்புத் தண்டை எடுத்து வலித்துப் பார்த்தேன். வள்ளம் சுற்றியதே தவிர கரைக்குத் திரும்பவில்லை. இவருடைய தம்பி ரூபனுக்குப் போன் எடுத்தேன்.

"ரூபன், உன்ர கொண்ணர் அடிபட்டுக் கிடக்கிறார். வள்ளம் வெளியால போகுது."

"மச்சாள், நங்கூரத்தைப் போடுங்கோ! உடன போடுங்கோ!"

"அது அணியத்தில கிடக்கு."

அவன் குரல் தணிந்தது.

"அணியத்திலையோ... செவ்வாய்க்கிழமை வேற, அவவின்ர நாள். கொஞ்சம் பொறுங்கோ மச்சாள், நாங்கள் வாறம்."

பொறுத்தேன். அதுதான் நான் விட்ட பிழை. பச்சையாக இருந்த தண்ணீர் நீலமானது, பிறகு கறுத்தது. போனில் சிக்னல் போய்விட்டது. கரையில் நின்ற பனைகள் புல்லு மாதிரித் தெரிந்தன. இவருடைய மூக்கருகே கையை வைத்தேன். மூச்சு இருந்தது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. மூச்சோடு கிடக்கிற மனிதனை ஒரு பலகைக்காகச் சாகவிடப் பார்த்தேனே!

ஏறினேன். நங்கூரத்தைத் தூக்கி எறிந்தேன். கயிறு ஓடி ஓடி முடிந்தது. கரையோரம் போடுகிற கயிறு, ஆழத்துக்கு எட்டவில்லை. வள்ளம் நிற்கவில்லை.

அவள் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணீர் எடுத்து வந்து, எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றி அவளுக்கு விளக்கெரிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது என் நினைவில் வந்தது. அணியத்திலேயே குந்தியிருந்து கத்தினேன். தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"எடியே அம்மாளாச்சி! உப்புத் தண்ணியில விளக்கெரிப்பியாம், ஊரே வந்து பாக்குதாம். இந்தக் கயிறொண்டைப் பிடிக்க உனக்கு ஏலாதோ? நீயும் பொம்பிளைதானே! என்ர கால் உனக்கு ஊத்தையெண்டால் என்னைத் தள்ளி விழுத்து. அந்தாளை விடு!"

வள்ளம் ஒரு உலுப்பு உலுப்பியது. மூக்கைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. நான் நம்பவில்லை. கயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். கம்பி மாதிரி விறைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன்.

மத்தியானம் ரூபன் இயந்திரப் படகில் வந்தான். வந்தவன் முதலில் கயிற்றைத்தான் பார்த்தான்.

"மச்சாள், இஞ்ச சுத்திவர ஆழக் கிடங்கு. கீழ மேடாய் ஒரு கல்லுப் பார்தான் கிடக்கு, வீட்டு முற்றமளவு. தேடி வந்து போட்டாலும் பிடிபடாது. நீங்கள் நிண்டபடியால்தான் கண்டுபிடிச்சனாங்கள்."

ஆஸ்பத்திரியில் இவருக்கு மண்டைக்குள் கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். இன்னும் பிந்தியிருந்தால் கொண்டுவந்தும் பிரயோசனமில்லை என்றார் டாக்டர். நாலாம் நாள் கண் திறந்தார். "வள்ளம் எங்கை?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. பரவாயில்லை, கேட்க வாய் இருந்ததே.

கரைக்கு வந்தால் அங்கே வேறு சண்டை. வலைகளும் படகுகளும் வைத்திருக்கிற சம்மாட்டியார் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பொம்பிளை அணியத்தில ஏறினபடியால்தான் அவனுக்கு அடிபட்டது. ஐயரைக் கூப்பிட்டுக் குற்றம் கழிக்கவேணும்."

"அடிபட்ட பிறகுதான் ஏறினனான் அண்ணை. முன்னுக்குப் பின்னாய்க் கதையாதேங்கோ."

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கு முகம் கறுத்தது.

"உனக்கு வாய் கூடிப்போச்சு."

"ஓம். அந்த வாயாலதான் கூப்பிட்டனான். அவா வந்தவா."

குற்றம் ஒன்றும் கழிக்கவில்லை. கழிக்கவும் மாட்டேன். இவருக்கு இடது கை இன்னும் சரியாக எழும்பாது. பாய் கட்டுவதும் நங்கூரம் போடுவதும் இப்போது நான். திரும்பக் கடலுக்குப் போன முதல் நாள் இவர் கற்பூரத்தைக் கையில் எடுத்தார். பிறகு நெருப்புப்பெட்டியையும் சேர்த்து என்னிடம் நீட்டினார். "நீயே கொளுத்து" என்றார். கொளுத்தினேன். அந்தக் கையையும் எழுப்பித் தா என்று அவளோடு தினமும் சண்டை பிடிக்கிறேன். தருவாள்.

ஆபத்து வந்தால் குளித்தேனா, தீட்டா, என்ன கிழமை என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். செய்யவேண்டியதைச் செய்துகொண்டே அவளைக் கூப்பிடுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கூப்பிடுங்கள். அவள் இருக்கிற இடத்துக்கு நான் போகக்கூடாது என்று சொன்னவர்கள் எல்லோரும் மனிதர்கள். அவள் ஒரு நாளும் சொல்லவில்லை.