தம்பியின் வலது முழங்கை

என் தம்பியின் வலது கை முழுதாக நீளாது. ஏழாவது படிக்கும்போது மக்காச்சோளத் தட்டை ஏற்றி வந்த டிராக்டரிலிருந்து விழுந்தான். கட்டுப் போட்டவர் எலும்பைச் சேர்த்துவிட்டார், நேராகச் சேர்க்கவில்லை. டீ கிளாஸைப் பிடித்திருப்பவன் போல முழங்கை எப்போதும் கொஞ்சம் மடிந்தே இருக்கும். முழுக்கைச் சட்டை போட்டால் யாருக்கும் தெரியாது. வீட்டில் நால்வருக்குத் தெரியும். வெளியே சொல்வதில்லை என்பது யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல.

அந்தக் கையால்தான் அவன் பத்து வருடம் பந்து போட்டுச் சம்பாதித்தான்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் தை பிறந்ததும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் தொடங்கிவிடும். அறுவடை முடிந்த கொல்லை, வற்றிய ஏரி, முந்திரிக்காட்டை ஒட்டிய பொட்டல் எல்லாம் மைதானம்தான். ஒவ்வொரு அணியும் வெளியூர் ஆட்கள் இரண்டு பேரைக் காசு கொடுத்துக் கூட்டி வரலாம். தம்பி அந்த இரண்டு பேரில் ஒருவனாக இருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரும், ஞாயிறு விடிகாலை வாசலில் கார் நிற்கும். செல்போன் கடை வேலையை அவன் மூன்றாவது வருடமே விட்டுவிட்டான்.

அவனை அதிகம் அழைத்தது லப்பைக்குடிகாடு அணி. அந்த அணிக்குச் சட்டை, பந்து, கார் வாடகை எல்லாம் துபாயிலிருந்து வரும். அனுப்புகிறவர்கள் அங்கே அறையில் உட்கார்ந்து யூடியூப் நேரலையில் ஆட்டம் பார்ப்பார்கள். அணித்தலைவர் தம்பியைவிட இரண்டு வயது மூத்தவர், அவனை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். தம்பி ஒரு ஓவரில் அதிக ரன் கொடுத்தால், "மாப்ள, துபாய்ல எங்க மச்சான் டிவிய ஒடச்சிட்டாராம்" என்பார். அடுத்த ஓவரையும் அவனிடமே கொடுப்பார்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். விபத்து, மறியல், கோயில் திருவிழா, சின்ன வெங்காயம் விலை. தம்பி ஆடும் ஆட்டத்தைப் பற்றி நான் எழுதியதில்லை. சொந்தக்காரனைப் பற்றி எழுதக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி அது.

ஜெயங்கொண்டத்தில் நடந்த ஓர் இறுதி ஆட்டத்துக்குப் பிறகு அந்த விதியை மீறினேன். கடைசி ஓவரில் எதிரணிக்கு ஆறு ரன் தேவை. தம்பி முதல் பந்தில் ஒருவரை போல்டாக்கினான், மூன்றாவதில் ஒருவர், ஐந்தாவதில் ஒருவர். மொத்தம் இரண்டு ரன் கொடுத்தான். நேரலையில் அதைப் பார்த்த திருச்சி கிளப் ஒன்றின் மேலாளர் மறுநாளே பேசினார். தோல் பந்து லீக். மாதச் சம்பளம், தங்குவதற்கு அறை. டென்னிஸ் பந்திலிருந்து அந்த இடத்துக்கு எங்கள் பக்கத்தில் யாரும் போனதில்லை என்று விளையாட்டுப் பக்கத்தைக் கவனிக்கும் உதவி ஆசிரியர் சொன்னார். ஐந்து பத்தி எழுதச் சொன்னார்.

எழுதினேன். நாலாவது பத்தியில் கையைப் பற்றி ஒரு வரி இருந்தது. சிறுவயதில் முறிந்து நீளாமல் போன கையோடு இந்த வேகம், என்று. வாசகனை நிறுத்தி வைக்கும் வரி. அனுப்பும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தம்பியும் பக்கத்தில்தான் இருந்தான்.

"அத எடுத்துடு. பொண்ணு பாத்துக்கிட்டிருக்கறப்ப கை ஊனம்னு பேப்பர்ல போடுவியா?" என்றார் அம்மா.

நான் அந்த வரியை எடுத்தேன். செய்தியில் ஒரு வரியை வெட்டுவது எனக்குத் தினசரி வேலை.

கூடவே ஒரு படம் அனுப்பினேன். பக்கவாட்டில் நின்று நான் எடுத்தது. முன்கால் ஊன்றியிருக்கிறது, பந்து கையை விட்டுப் போகப் போகிறது, முகத்தில் நல்ல வெளிச்சம். அரைக்கை ஜெர்சி. அனுப்புவதற்கு முன் நான் அவன் முகத்தைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், பின்னால் தெரிந்த கூட்டத்தைப் பார்த்தேன். முழங்கையைப் பார்க்கவில்லை. எங்களுக்கு அது பழகிப்போன கை.

பந்து போடும்போது மடக்கிய கையை நீட்டி எறிந்தால் அது தவறு. அப்படி எறிபவனை எங்கள் பக்கம் மாங்கா அடிக்கிறவன் என்பார்கள். ஒருபோதும் நீளாத கையால் போடுவது தவறில்லை, ஏனென்றால் அந்தக் கை நீட்டவே முடியாதது. ஆனால் ஒற்றைப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

திருச்சியில் அவனுடைய முதல் லீக் ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். எதிரணி மேலாளர் டாஸுக்கு முன்பே, நான் எடுத்து பேப்பரில் வந்த படத்தைப் போனில் வைத்துக்கொண்டு நடுவரிடம் பேசினார். தம்பியின் இரண்டாவது ஓவரில் பக்கவாட்டில் நின்ற நடுவர் மூன்று முறை கையை நீட்டி நோ-பால் என்றார். மூன்றாவது முறை கேப்டன் வந்து பந்தை வாங்கிக்கொண்டார். அன்று மாலை கிளப் மேலாளர் தம்பியைத் தனியாக உட்காரவைத்து, கையில் ஏதாவது பிரச்சினையா என்று நேராகவே கேட்டார். அவன் இல்லை என்றான். அதற்குள் பெண் அமைந்து, அடுத்த மாதம் கல்யாணம். பெண் வீடு அரியலூர். அந்த கிளப்பில் அரியலூர்க்காரர்கள் இருவர் இருந்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம்.

கிளப் வேண்டாம் என்றுவிட, அவன் பையோடு ஊருக்கு வந்தான். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கையைப் பற்றி அவன் மனைவிக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. இதற்குப் போய் யாராவது மறைப்பார்களா என்று அவள் கேட்டதாகத் தம்பி பிறகு ஒரு நாள் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் அவன் லப்பைக்குடிகாடு அணித்தலைவரிடம் உண்மையைச் சொன்னான். அவர் அவன் கையைப் பிடித்து நீட்டிப் பார்த்தார். நீளவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒருத்தனும் வாயத் தொறந்திருக்க மாட்டான் மாப்ள. இப்ப சொன்னா சாக்கு சொல்றோம்பானுங்க," என்றார்.

அப்படித்தான் ஆனது. எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவர் போனில் அந்தப் படம் இருந்தது. அவன் ஓடி வரும்போது எல்லைக் கோட்டில் நிற்பவர்கள் மாங்கா, மாங்கா என்று ராகம் போட்டார்கள். வரதராஜன்பேட்டையில் மைக்கில் வர்ணனை செய்தவர், "அடுத்து மாந்தோப்பு முனையிலிருந்து" என்றார். கூட்டம் சிரித்தது. தம்பியும் சிரித்தான். முழுக்கைச் சட்டை போட்டுப் பார்த்தான், நடுவர் மடக்கச் சொன்னார். பிறகு போடும் முறையையே மாற்றினான். கையை மேலிருந்து கொண்டுவராமல் பக்கவாட்டில் சுழற்றினான். அப்படிப் போட்டால் மடிப்பு அவ்வளவாகத் தெரியாது. பாரம் முழுவதும் தோளுக்குப் போனது. முதல் வருடம் வலிக்கு ஸ்ப்ரே, அடுத்த வருடம் ஊசி. காலையில் சட்டை மாட்ட மனைவி உதவ வேண்டியிருந்தது. ஞாயிறு வரும் கார்கள் குறைந்தன. லப்பைக்குடிகாடு கார் மட்டும் வந்துகொண்டிருந்தது.

போன மாசி மாதம் நான் எக்ஸ்ரேயையும் எலும்பு டாக்டர் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன். அன்று நோ-பால் சொன்ன நடுவரையே பார்த்தேன். அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய நேரலை வீடியோவை மெதுவாக ஓட்டச் சொல்லி நாலைந்து முறை பார்த்தார்.

"இது எறியறது இல்லைங்க. தாராளமாப் போடலாம். கூட்டிட்டு வாங்க," என்றார். இதைச் சொல்ல ஏன் இத்தனை வருடம் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தம்பியைக் கூட்டிப் போனேன். வலைப் பயிற்சியில், பழைய மாதிரியே மேலிருந்து போடு என்றார் நடுவர். முதல் பந்து வலைக்கு வெளியே போனது. இரண்டாவது நேராக, மெதுவாக, ஒரு சுழல் பந்து போலப் போனது. மூன்றாவது பாதியிலேயே தரையில் விழுந்து உருண்டது. அதை எடுத்துவர அவனே நடந்து போனான். நாலாவதற்கு ஓடி வந்து, கையைத் தூக்கி, தோளுக்கு மேல் போகாமல் இறக்கிக்கொண்டு நின்றான். நடுவர் அவன் தோளை ஓரிடத்தில் விரலால் அமுக்கினார். அவன் உட்கார்ந்துவிட்டான். ஓய்வெடுத்துவிட்டு அடுத்த சீசன் பார்க்கலாம் என்று அவர் சொன்னது மரியாதைக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. சிறுவாச்சூர் தாண்டியதும் தம்பியின் போன் அடித்தது. லப்பைக்குடிகாடு அணித்தலைவர். அவன் திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"நீயே சொல்லிடுண்ணே."

சொன்னேன். தோள் போய்விட்டது, இனிமேல் வரமாட்டான் என்றேன். அவர், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு நாள் வீட்டுக்கு வருகிறேன், இன்ஷா அல்லா என்றார். ஆனால் போனை வைக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. ஞாயித்துக்கெழம செமி பைனல். வேகமாப் போடறவன் எவனாச்சும் தெரியுமா?"

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு தம்பியைப் பார்த்தேன். அவனுக்குக் கேட்டிருந்தது.

"குரும்பலூர்ல ஒருத்தன் இருக்கான், நல்லாப் போடுவான்," என்றான். "நம்பர் அதுலயே இருக்கு, பாரு."